குட்டியின் வாயிலிருந்து பிடுங்கியவன்

அந்த நாயைக் கடிநாய் ஆக்கியவன் நான்தான்.

இனம் அல்ல. இரத்தம் அல்ல. வளர்க்கத் தெரியாமல் வளர்த்தாள் என்று தொடர்மாடிச் சனம் முழுக்கப் பழி சொன்ன என் மகளும் அல்ல. நான்!

இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் எடுத்திருக்கிறது. அதுவும் முகம் தெரியாத உங்களிடம். சொல்லவேண்டிய இரண்டு பேரும் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒருத்தி என் மனைவி மாலதி, மற்றவள் மகள் ஆரணி. அவர்களைத் தாண்டி வந்து உங்களைப் பிடித்து வைத்துக் கதைக்கிறேன். கோழை என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதைவிட மோசமான சொல் ஒன்று பிறகு தேவைப்படும்.

மாலதியின் தம்பி சிவா கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். துறைமுகத்தில் கிளியரிங் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு பிஸ்கற் பெட்டியோடு வந்து நின்றான். பெட்டி ஆடியது.

"அத்தான், ரொட்வைலர். ஒரிஜினல்! மருமகளுக்கு."

ஐந்தாம் மாடியில் இரண்டறை வீடு. பல்கனியில் உடுப்புக் காயப்போட்டால் மனிதர் நிற்க இடமில்லை. அதற்குள் ரொட்வைலர்! யானைக்குட்டி கொண்டுவந்திருந்தாலும் ஆளைக் கடிக்காது என்ற ஆறுதலாவது இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஆரணி அதைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். பெயரும் வைத்தாயிற்று, சீசர்!

ஐயோ, அந்தக் குட்டி எங்களைப் படுத்திய பாடு... என் செருப்பில் எப்போதும் இடது காலை மட்டும் தின்றது. வலது காலைத் தொடாது. அதில் என்ன கணக்கோ! ரிமோட்டைத் தின்றது. சோபாவின் காலைக் கடித்துச் சரித்தது. மாலதி சாமியறைக்குப் போகும்போது சீலைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கும். பிடித்தால் விடாது. "இஞ்சருங்கோ! இந்தச் சனியனைக் கழட்டுங்கோ!" என்று அவள் கத்த, நான் ஓடிப்போய்த் தாடையைப் பிரிக்க, அது என் கையைப் பிடிக்க, தேவாரம் பாதியில் நிற்கும். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தங்கள் கூரையைத் தட்டுவார். மின்வெட்டு என்றால் லிஃப்ட் நின்றுவிடும். வாரத்துக்கு வாரம் பாரம் ஏறும் அந்தப் பிராணியை மாரோடு அணைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறியவன் நான். என் முதுகு இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

ஆனால் ஆரணியிடம் அது வேறு நாய்.

தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழக்கினாள். எங்கள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் தமிழ், நாயோடு மட்டும் எல்லாரும் இங்கிலீஷ். "சிட்" என்றால் இருக்கும். "வெயிட்" என்றால் கிண்ணத்தைப் பார்த்து எச்சில் ஒழுக ஒழுகக் காத்திருக்கும். "ஓகே" என்ற பிறகுதான் வாய் வைக்கும். அது தின்னும்போது ஆரணி கிண்ணத்துக்குள் கையை விட்டு இன்னும் ஒரு பிடி சோறு போடுவாள். அது அவள் கையை ஒருமுறை நக்கிவிட்டுத் தின்னும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள் கை விட்டால், நக்கிவிட்டுத் தின்னும். முதல் மாதம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

பிறகுதான் மாலதி நேர்த்தி வைத்தாள்.

ஆரணிக்கு அந்த முறை, பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை. உயிரியல் படித்தாள். வைத்தியர் ஆகவேண்டும் என்பது அவள் ஐந்து வயதில் சொன்னது, பிறகு மாற்றவே இல்லை. மாலதி கோயிலில் நின்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வந்தாள். பரீட்சை முடியும் நாள்வரை வீட்டில் மச்சம் இல்லை. இறைச்சி, மீன், கருவாடு, முட்டை எதுவும் இல்லை. வீட்டில் மட்டுமல்ல, வெளியிலும் மூன்று பேரும் வாய் வைக்கக் கூடாது. மூன்று மாதம்!

"நாய்க்கு?" என்றேன்.

"அதுவும் இந்த வீட்டுச் சீவன்தானே. பருப்பும் சோறும் தின்னட்டும்."

டொலர் இல்லை என்று வெளிநாட்டு நாய்ச் சாப்பாடு கடைகளில் மறைந்துபோயிருந்த காலம் அது. பூசணிக்காயும் பருப்பும் தயிர்ச்சோறும் என்று சீசரும் விரதகாரன் ஆனான். மிருக வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், வளர்கிற பெரிய இனம், இறைச்சி கொடுக்காவிட்டால் எலும்பு வளைந்துவிடும் என்று.

எனக்கு அது போதுமாக இருந்தது... சாட்டாக!

நாய்க்காகத்தான் தொடங்கினேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பொய். விரதம் தொடங்கிய ஒன்பதாம் நாள், கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் சுடச்சுட மட்டன் ரோல்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். மணம் காலி வீதிவரை வந்தது. அந்த நேரத்தில் எனக்கு நாயின் எலும்பா ஞாபகம் வந்தது? என் நாக்குத்தான் ஞாபகம் வந்தது. இரண்டு ரோல்ஸ் கட்டச் சொன்னேன். காசைக் கொடுக்கும்போதுதான் வைத்தியர் சொன்னதை நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன்.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மாலதிக்கு மூக்கு அப்படி. ரோட்டில் நின்று தின்னவும் முடியாது, வெள்ளவத்தையில் பத்தடிக்கு ஒரு சொந்தக்காரர். ஆகவே பையை லிஃப்டுக்குப் பக்கத்து மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய், "குட்டியை மேலே கொண்டுபோய் நடக்கவிட்டு வாறன்" என்றேன்.

மாலதிக்குப் பெரிய சந்தோசம். மனிசன் கடைசியில் நாயோடு ஒட்டிவிட்டான் என்று!

மேல்மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. கடல் தெரியும். மாலை ஐந்தரைக்கு நானும் சீசரும் அங்கே உட்கார்ந்தோம். எனக்கொரு ரோல்ஸ், அதற்கொரு ரோல்ஸ். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்றுகூடத் தெரியாத மடையன் நான். ஒன்பது நாள் பருப்புத் தின்ற குட்டி, அந்த ரோல்ஸைப் பார்த்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது திருவிழா.

பாதி தின்றிருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மூன்றாம் மாடிப் பவளம் அக்கா. உடுப்பு எடுக்க வருகிறவர். மாலதியின் பஜனைக் கூட்டாளி! அவர் கண்ணில் பட்டால் ஏழு மணிக்குள் மாலதிக்குத் தெரியும். என்னுடையதை ஒரே வாயில் விழுங்கினேன். சீசரின் வாயைப் பிரித்து, பல்லுக்கிடையில் விரலை விட்டு, மிச்சத்தைப் பிடுங்கித் தாங்கிக்குப் பின்னால் எறிந்தேன். அது என்னைப் பார்த்தது. ஒன்றும் செய்யவில்லை, பார்த்தது மட்டும்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால்...

நிறுத்தவில்லை. அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். வெள்ளிக்கிழமைகூட! ஏறக்குறைய இரண்டு மாதம். பவளம் அக்கா ஒரு நாள் ஐந்து முப்பத்தைந்துக்கு வருவார், இன்னொரு நாள் ஐந்து ஐம்பதுக்கு. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பாய்ந்து குட்டியின் வாயிலிருந்து பிடுங்கினேன். பாதிக்கு மேல் சும்மா காற்று, பூனை, தண்ணீர் மோட்டர். சீசருக்கு என்ன தெரியும்? தின்னத் தந்த கை, தின்னும்போது பறிக்கிற கை. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

முதலில் தின்கிறபோது உடம்பு விறைத்தது. பிறகு அவசரமாக விழுங்கியது. பிறகு உறுமல் வந்தது. உறுமினால் மூக்கில் ஒன்று போட்டேன். "எனக்கே உறுமுறியோ!" என்று இன்னொன்றும் போட்டேன். அப்போது அது உறுமுவதை நிறுத்தியது. பழகிவிட்டது என்று நினைத்தேன்! உறுமாமலே கடிக்கப் பழகியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தச் சத்தமும் எச்சரிக்கையும் இல்லாமல், என் பெருவிரல் அடியில் இரண்டு பல் இறங்கியது.

மாலதியிடம் கந்தோர் அலுமாரிக் கதவில் நசிந்தது என்றேன். மஞ்சள் வைத்துக் கட்டினாள். "கவனமப்பா" என்றாள். தடுப்பூசியை ஒரு தனியார் மருத்துவமனையில் களவாகப் போட்டேன்.

இங்கேதான் நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்... அன்றைக்கு ஒரே ஒரு வசனம், "சீசர் தின்னும்போது கிட்டப் போகாதேங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கலாம் அல்லவா? ரோல்ஸைப் பற்றிக் கூடச் சொல்லத் தேவையில்லையே! ஆனால் ஏன் என்று கேட்பாளே. பருப்புச் சோற்றுக்கு எந்த நாய் கடிக்கும் என்று கேட்பாளே. அதற்குப் பயந்து வாயை மூடினேன்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

காலை. ஆரணி மேசையில் படித்துக்கொண்டிருந்தவள், நாய்க்குச் சோறு வைக்க எழும்பினாள். "சிட்." இருந்தது. "வெயிட்." காத்திருந்தது. "ஓகே." தின்னத் தொடங்கியது. நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் ஒரு பிடி பருப்புச் சோற்றோடு கிண்ணத்துக்குள் கையை விட்டாள், எப்போதும் போல...

அவள் கத்தவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். சின்னக் குரலில்.

பிடித்தால் விடாத பிராணி. நானும் மாலதியும் தாடையைப் பிரித்தபோது வலது கையின் ஆட்காட்டி விரல் தொங்கிக்கொண்டு இருந்தது.

நாய்க்கடியை உடனே தைப்பதில்லையாம். கழுவி, ஊசி போட்டு, திறந்தபடியே கட்டினார்கள். விரலின் நரம்பு அறுந்திருக்கிறது என்றார்கள். இந்தக் கையால் எழுதலாமா என்று ஆரணி கேட்டாள். வைத்தியர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாலதி சாமியறை வாசலில் இருந்து அழத் தொடங்கினாள். "எங்கேயோ பிழை விட்டிட்டம். நேர்த்தியில ஏதோ பிழை. இல்லாட்டி இவ்வளவு நாள் கையை நக்கின நாய் ஏன் கடிக்குது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

அப்போது ஆரணி சொன்னாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல்.

"அம்மா... நான்தான். ரியூசன்ல ஒருக்கா மாலுபாண் சாப்பிட்டனான். பாதிதான். சரியான பசி. மீன் இருக்கெண்டு தெரிஞ்சுதான் சாப்பிட்டனான்."

பாதி மாலுபாண்! உள்ளே ஒரு கரண்டி மீன்கூட இருக்காத பாதி மாலுபாண்!

மாலதி அடிக்கவில்லை, ஏசவில்லை. "ஏன் பிள்ளை..." என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி என் மகளின் தலையில் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம், அந்த இடம், அதுதான் நான் சொல்லவேண்டிய இடம். வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. வெளியே வந்தது என்ன தெரியுமா?

"விடு மாலதி. அந்த இனமே அப்பிடித்தான். ரத்தத்தில வாறது."

இனத்தின் தலையில் போட்டேன். இனம் வந்து மறுத்துக் கதைக்காதே! நாயையும் காட்டிக்கொடுத்தேன், பிள்ளையையும் விட்டுவிட்டேன். முதலில் சொன்னேனே, கோழையைவிட மோசமான சொல் தேவைப்படும் என்று... நீங்களே ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

சிவா இரண்டு நாளில் வந்து சீசரைக் கொண்டுபோனான். ஒருகொடவத்தையில் அவனுக்குத் தெரிந்த ஒரு கொண்டெய்னர் யார்ட். காவலுக்கு நாய் தேவையாம். சங்கிலியைக் கண்டதும் சீசர் நடக்கப் போகிறோம் என்று துள்ளியது. லிஃப்டில் இறங்காமல் மேல்மாடிப் படியைப் பார்த்து இழுத்தது. "ஏன் மேலே இழுக்குது?" என்று சிவா கேட்டான். தெரியாது என்றேன்.

ஆரணி பரீட்சை எழுதினாள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனையைச் செருகி எழுதினாள். முதல் தாள் முடிந்து வந்தபோது கட்டு நனைந்திருந்தது. கடைசி இரண்டு கேள்விக்கு விடை தெரியுமாம், எழுத நேரம் காணவில்லையாம். பெறுபேறு வந்தது. பாஸ். நல்ல பாஸ்தான். மருத்துவபீடத்துக்கு மட்டும் போதவில்லை.

இன்னொருமுறை எழுது என்று நான் கெஞ்சினேன். உலகத்தில் வேறெந்தத் தகப்பனும் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டான்.

"சாமியை ஏமாத்தினனான் அப்பா. திரும்ப என்ன முகத்தோட போய்க் கேக்கிறது?"

இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்குப் பெயர் எழுதுகிறாள். கையெழுத்து இன்னும் கோணல். பரீட்சையோடு நேர்த்தி முடிந்து மாலதி மீன்குழம்பு வைத்தாள்; நானும் அவளும் சாப்பிட்டோம். ஆரணி தொடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை. கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே போனாலும் "நான் சைவம்" என்கிறாள். கேட்பவர்கள் எவ்வளவு நல்ல பிள்ளை என்கிறார்கள். எனக்குத் தெரியும் அது என்ன சைவம் என்று!

போன வருடம் சீசரைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன்? அது எல்லாரையும் கடிக்கிற நாயாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன். உண்மையாக! அப்படி இருந்தால், இனம்தான் என்று ஆகிவிடும். நான் தப்பிவிடுவேன்.

கொண்டெய்னர்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டில். வாச்சர் ஒரு சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். சீசர் அவர் காலடியில் மல்லாந்து கிடந்தது. அவர் செருப்புக் காலால் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கடிக்காதோ?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

"இவனா? அப்பாவி, மாத்தயா. சாப்பிடுகிறபோது மட்டும் கையை நீட்டக் கூடாது. தட்டை வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விடுவேன்." ஒரு வெற்றிலையை மடித்தார். "குட்டியாக இருக்கும்போது யாரோ இவன் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். அதுதான் அந்தப் பயம்."

"அப்படியா?" என்றேன். அப்படியா! எவ்வளவு நன்றாகக் கேட்டேன் பாருங்கள்.

சீசருக்கு என்னைத் தெரிந்தது. பின்பக்கமே ஆட ஆட வந்து என் பையை மணந்தது. அதே கடை ரோல்ஸ் ஒன்று கொண்டுபோயிருந்தேன். கீழே வைத்தேன். வைத்ததும் அதன் ஆட்டம் நின்றது. உடம்பு விறைத்தது. ரோல்ஸை அது பார்க்கவேயில்லை. என் கையைப் பார்த்தது.

நான் பின்னால் போனேன். இன்னும் பின்னால் போனேன். கேற்றுக்கு வெளியே போன பிறகும் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவேன் என்று பஸ்ஸில் முடிவெடுத்தேன். வீட்டு வாசலில் மாலதி, "எங்க போனனீங்கள்?" என்றாள். "கந்தோரில வேலை" என்றேன்.

போன மாதம் ஆரணிக்குப் பிறந்தநாள். மாமன் சிவா ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸோடு வந்தான். பெட்டியில் கடையின் பெயர்... கொள்ளுப்பிட்டி, அதே கடை. ஆரணி தானே எடுத்துத் தட்டில் அடுக்கினாள். சிவாவுக்குக் கொடுத்தாள், தாய்க்குக் கொடுத்தாள், கடைசியாக என்னிடம் வந்தாள். மடக்க முடியாத அந்த விரல் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"நீயும் ஒண்டு எடன் பிள்ளை," என்றேன். "எத்தினை வருசமாச்சு."

"வேண்டாம் அப்பா. பாதி மாலுபாணுக்குப் பட்டதே காணும்." சிரித்தாள். இப்போதெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். "நீங்கள் சாப்பிடுங்கோ. எங்கட வீட்டில நேர்த்தியை ஒழுங்காக் காத்தது நீங்களும் அம்மாவும்தானே."

சிவா தின்றுகொண்டிருந்தான். மாலதி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஓம், பாவம் மனிசன், மூன்று மாதம் வாயைக் கட்டியவர் என்று.

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று என்னைப் பிடித்து உலுக்கியது. தட்டு என் முன்னால் இருந்தது. மகள் காத்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றை எடுத்தேன். சாப்பிட்டேன்.

"இன்னுமொண்டு எடுங்கோ அப்பா," என்றாள்.

அதையும் சாப்பிட்டேன்.